குளத்துப் பக்கம் அக்கா

கால்கள் மட்டும்தான் நடந்தன. கைகள் இரண்டும் தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டு வந்தன. முன்னும் பின்னும் வீச்சே இல்லை. ரப்பர் செருப்பு தரையை விட்டு எழும்பவில்லை. சரட், சரட் என்று ரோட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தது. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நல்ல உயரம், ஆனால் கூன் போட்டு அதில் பாதியைக் குறைத்திருந்தான். சட்டை துவைத்துத் தேய்த்ததுதான். காலரின் ஒரு பக்கம் மட்டும் உள்ளே மடிந்து கிடந்தது. யாரோ மாட்டிவிட்ட சட்டை என்று பார்த்ததுமே தெரிந்தது.

பக்கத்தில் வந்தவள் அக்கா. நாற்பதைத் தாண்டியவள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. மகனுடையதாக இருக்கலாம். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் வீட்டுச் சாவி. அவள் வாயைத் திறந்தால் 'தம்பி' என்பாள். அவன் அபூர்வமாகத் திறந்தால் 'க்கா' என்பான். அவர்கள் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். பேர் தெரியாது, கேட்கவும் இல்லை.

இடம் மதுரை, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. 1000 அடி நீளம், 950 அடி அகலம். அவர் தன் மகாலைக் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்றும், அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் ஊரில் சொல்வார்கள். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வலம் வருவதற்கான குளம் இது. சாமி வருஷத்துக்கு ஒரு நாள் சுற்றுகிறது, சனங்கள் தினமும் சுற்றுகிறார்கள். பல வருஷம் வறண்டு கிடந்தபோது பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். இப்போது வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து நிறைகிறது. வெளியே ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர்.

எனக்கு முழங்கால் தகராறு. ஒரு சுற்று போவேன், மிச்ச நேரம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிடுவேன். யாரோடும் வலியப் போய்ப் பேசுகிற பழக்கம் இல்லை. பார்ப்பேன், காதில் விழுவதைக் கேட்பேன், அவ்வளவுதான்.

காலை ஐந்தரைக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிற பென்ஷன்காரர்கள். புருஷன் இருபதடி முன்னால், பெண்டாட்டி பின்னால் என்று வருகிற ஜோடிகள். ஒரு மகனின் கல்யாணப் பேச்சை முதல் சுற்றில் ஆரம்பித்து நாலாவது சுற்றில் முடிக்கிற பெண்கள் கூட்டம். கையைத் தட்டிக்கொண்டே நடக்கிற ஒருவர். அது எந்த வைத்தியம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிற இன்னொருவர் பத்தாயிரம் அடி முடியாமல் வீட்டுக்குப் போகமாட்டார். கோயில் வாசலில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் குதித்துக் கணக்கை முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல. 1965-இல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பேர் அது.

இவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்காக நடக்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு எண் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று லேப் ரிப்போர்ட்டில் வந்துவிடும். நடந்தது பலித்ததா இல்லையா என்று மூன்று மாதத்தில் தெரியும். மனச்சோர்வுக்காக நடக்கிறவனுக்கு அப்படி எந்தக் காகிதமும் கிடையாது. அவன் தேறுகிறானா என்பது அவனுக்கே கடைசியில்தான் தெரியும். பக்கத்தில் வருகிறவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் தெரியும்.

அவனுக்கு என்ன கோளாறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நடையே சொல்லிற்று. யோஹானஸ் மிக்காலக் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் அவர் குழுவினரும் மனச்சோர்வுள்ளவர்களின் நடையை அளந்து 2009-இல் எழுதினார்கள். வேகம் குறைகிறது, கைவீச்சு சுருங்குகிறது, தலையின் ஏற்ற இறக்கம் குறைகிறது, உடம்பு பக்கவாட்டில் ஆடுகிறது, மேல்முதுகு கவிழ்கிறது. கருவிகளை ஒட்டி, கேமரா வைத்து அவர்கள் கண்டது சுவரில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆரம்ப நாட்களில் ஒரு சுற்று என்ன, ஒரு பக்கம்கூட முழுசாகப் போகவில்லை.

"தம்பி, அந்த லைட்டுக் கம்பம் வரைக்கும் போவோம்."

பதில் இல்லை.

"போயிட்டுத் திரும்பிருவோம்டா."

போவார்கள். நிஜமாகவே திரும்பிவிடுவார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் நான் முதலில் கவனித்தேன். கம்பம் வந்ததும் 'இன்னுங்கொஞ்சம், அந்தா அந்தக் கடை வரைக்கும்' என்று அவள் இழுக்கவில்லை. குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்கள் 'கடைசி வாய்' என்று பத்து வாய் ஊட்டுவார்களே, அந்த ஏமாற்று வேலை அவளிடம் இல்லை. சொன்ன இடத்தில் நின்றாள், பாட்டிலைத் திறந்து நீட்டினாள், திரும்பினாள். வாய் உலர்ந்துபோவது மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றின் பக்க விளைவு. அவன் குடித்த வேகத்தைப் பார்த்தபோது அதுவாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மனம் தேறினால் எழுந்து நடப்பான் என்றுதான் வீடுகளில் காத்திருப்பார்கள். நோய் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிடுகிறது என்பதை 1970-களிலேயே பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னார். எதிலும் பிடிப்பில்லாமல் ஒதுங்குகிறவனுக்கு, ஒதுங்கியதாலேயே சந்தோஷம் வருகிற வழிகளும் அடைந்துபோகின்றன. ஒதுங்க ஒதுங்க இன்னும் சோர்வு. ஆகவே முதலில் சின்னதாக ஒரு காரியம், மனசு பின்னால் வரட்டும் என்பது சிகிச்சை. நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோவாவில் சங்கத் என்ற அமைப்பும் டாக்டர் விக்ரம் படேலும் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். நாளைக்கு என்ன செய்யப் போகிறாய், எத்தனை மணிக்கு, யாரோடு என்கிற மாதிரிப் பேச்சு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

அந்த அக்கா லான்செட் படித்திருக்கமாட்டாள். லைட்டுக் கம்பம் வரைக்கும் என்று அளவு குறித்தது, டாக்டர் சொல்லிக் கொடுத்ததோ அவளுக்கே தோன்றியதோ, அதே வைத்தியம்தான்.

இன்னொன்று எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் பிடிபட்டது. அவள் எப்போதும் குளத்துப் பக்கம் நடந்தாள். அவன் ரோட்டுப் பக்கம். போகும்போது சுவர் அவர்களுக்கு வலப்பக்கம் என்றால், திரும்பும்போது இடப்பக்கமாகிவிடும் அல்லவா? திரும்புகிற இடத்தில் அவள் அவனுக்குப் பின்னால் ஒரு அரைவட்டம் போட்டு மறுபடி சுவரை ஒட்டி வந்துவிடுவாள். ரோட்டில் ஆட்டோவும் பால் வண்டியும் வரும். சாதாரணமாக அக்காக்காரி தம்பியை உள்பக்கம் தள்ளிவிட்டுத் தான் ரோட்டுப் பக்கம் நடப்பாள். இவள் மாற்றி நடந்தாள். படித்துறை இறங்குகிற வழி வரும் இடத்தில் சாவி இருக்கிற கையை மாற்றிக்கொண்டு அவன் முழங்கையைத் தொட்டபடி கடப்பாள். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்த மாதம் அது.

மருத்துவம் தொடங்கிய முதல் வாரங்களில் இந்தக் காவல் வேண்டும் என்று மனநல மருத்துவர்கள் வீட்டாரிடம் சொல்லித்தான் அனுப்புவார்கள். மாத்திரை மனசைத் தூக்க இரண்டிலிருந்து நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சிலருக்கு மனசு தேறுமுன் உடம்பில் தெம்பு வந்துவிடும். அந்த இடைவெளியில் கண் அகலக் கூடாது. அவள் அதைச் சொல்லாமல், அவனுக்குத் தெரியாமல், நடக்கிற பக்கத்தை வைத்தே செய்துகொண்டிருந்தாள்.

யோசனை சொல்ல ஆள் இல்லாத நடைபாதை தமிழ்நாட்டில் எங்கும் கிடையாது. இங்கே அந்த இடத்தை நிரப்பியவர் ட்ராக் சூட் சார். ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், சுற்றுக்கு இரண்டு பேருக்காவது ஆரோக்கியம் வழங்காமல் இருக்கமாட்டார். ஒரு நாள் அக்காவையும் தம்பியையும் என் எதிரிலேயே மறித்தார்.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"கொஞ்சம் மனசு சரியில்ல சார்," அக்காதான் சொன்னாள்.

"மனசா? அதெல்லாம் நம்ம கையிலதாம்மா இருக்கு. தம்பி, இங்க பாரு. டெய்லி அஞ்சு ரவுண்டு போடு. வேர்க்க வேர்க்கப் போடு. மாத்திரை கீத்திரை எல்லாத்தையும் தூக்கிக் குளத்துல போடு. அதுக்கு அடிமையாக்கி விட்டுருவாங்ய."

அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் செருப்பு வாரை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை.

"பெரியாஸ்பத்திரியில பாக்குறோம் சார். மாத்திரையும் உண்டு, நடையும் உண்டு. அவங்க சொல்லாம நாங்களா எதையும் நிறுத்துறதா இல்ல. வர்றோம் சார்."

ட்ராக் சூட் சார் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. சரியான பாதியை ஆய்வுகள் பல வருஷமாகத் தாங்கிப் பிடிக்கின்றன. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புளூமென்தால் குழு 1999-இல் வெளியிட்டது அவற்றில் பேர்போனது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வு நோய் உறுதியான 156 பேரை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு செர்ட்ராலின் மாத்திரை, ஒரு பங்குக்கு வாரம் மூன்று நாள் வேகநடை அல்லது மெதுவோட்டம், மூன்றாவது பங்குக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பங்குக்காரர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். பார்த்தாயா என்பார் சார். ஆனால் அதே ஆய்வில், முதல் சில வாரங்களில் சீக்கிரம் தேறியது மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள்தான். மேலும் அந்த 156 பேரும் விளம்பரம் பார்த்து, உடற்பயிற்சிக்குத் தயார் என்று தாங்களாக வந்தவர்கள். கட்டிலை விட்டு எழமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. நம் வீடுகளில் இருப்பது அவர்கள்தான்.

2013-இல் காக்ரேன் அமைப்பு 39 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்றுதான் வந்தது. ஆனால் மிகக் கறாராக நடத்திய ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால் பலன் சிறுத்துப்போனது. 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பு வந்தது. நடை அல்லது மெதுவோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை நன்றாகவே உதவுகின்றன, கொஞ்சம் மூச்சு வாங்கச் செய்தால் கூடுதல் பலன் என்றது அது. அதிலும், பல ஆய்வுகளின் தரம் போதாது என்ற எச்சரிக்கை உண்டு. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கடுமை குறைந்த மனச்சோர்வுக்குக் குழுவாகச் செய்யும் உடற்பயிற்சியையும் ஒரு சிகிச்சையாகவே சேர்த்திருக்கிறார்கள்.

ஆபத்தான பாதி அந்தக் குளத்தில் போடு என்ற பேச்சு. இந்த மாத்திரைகள் சாராயம் போல அடிமையாக்குகிறவை அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு என்று படுத்தும், நோயும் திரும்பும். படிப்படியாகக் குறைக்க டாக்டருக்குத் தெரியும். ஐந்து சுற்று ஓடுகிற ஒருவருக்குத் தன் மனசு தன் கையில் இருப்பதாகத் தோன்றுவது இயற்கை. அவருக்கு அது கையில் இருக்கிறது, அதனால்தான் ஓடுகிறார். இல்லாதவனிடம் போய் உன் கையில் இருக்கிறது என்றால், நடக்க முடியாத குற்றமும் அவன் தலையில் சேர்ந்துகொள்ளும்.

பெருக்குகிற அம்மா ஒருவர் வருவார். மாநகராட்சிச் சீருடை, நீளத் துடைப்பம், குப்பை வண்டி. பருத்திப்பால் வண்டிக்காரரிடம் டம்ளரை வாங்கிக்கொண்டு ஒரு நாள் சொன்னார்: "டாக்டரு நடங்கன்னு சொல்றாராம், அம்புட்டுப் பேரும் நடக்குறாங்க. நாங்க நடக்காத நடையா? எங்களுக்கு ஏண்ணே மனசு லேசாக மாட்டேங்குது?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வண்டிக்காரர் பதில் சொல்லவில்லை.

இதற்கும் ஆராய்ச்சியில் இடம் இருக்கிறது, ஆனால் நம் பத்திரிகைகளில் இது வருவது குறைவு. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் நடையும் விளையாட்டும் நல்ல மனநிலையோடு சேர்ந்து வந்தன. பிழைப்புக்காகப் படுகிற உடல் உழைப்பு அப்படி வரவில்லை; மாறாக, மனநலக் கேட்டோடு சேர்ந்து வந்தது. ஆக, நடையில் இருக்கிற மருந்து கால் அசைவில் மட்டும் இல்லை. யார் சொல்லி நடக்கிறோம், யாரோடு நடக்கிறோம், நடந்து முடித்தால் நமக்கு என்ன மிஞ்சுகிறது என்பதிலும் இருக்கிறது. விடிகாலை நாலரைக்கு வேலைக்கு வந்து, வீடு போய்ச் சேர்ந்ததும் உலை வைக்கிறவரிடம் தினமும் அரைமணி நேரம் நடங்கள் என்று சொல்கிற டாக்டர், சீட்டில் வேறு ஏதாவது எழுதலாம்.

நடை எப்படி மனசுக்குப் போகிறது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. இராத்திரித் தூக்கம் சீராகிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டு உடம்பின் கடிகாரம் ஒழுங்குக்கு வருகிறது. மூளையில் நரம்புகள் புதிதாக இணைய உதவும் புரதங்கள் கூடுகின்றன. பிறகு இன்னொன்று: உள்ளேயே சுழன்றுகொண்டிருக்கிற நினைப்பை வெளியே இருக்கிற ஏதாவது ஒன்று வெட்டிவிடுகிறது. கோயில் மணியோ, நாயோ, ட்ராக் சூட் சாரோ.

நடுவில் ஒரு சில நாள் அவர்கள் வரவில்லை. நான் சுவரில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரிக்க எனக்கு வீடும் தெரியாது, உரிமையும் இல்லை. திரும்பி வந்தபோது அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மறுபடி லைட்டுக் கம்பத்திலிருந்து ஆரம்பம். போன வாரம் முழுப் பக்கம் நடந்தாயே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த நோய் நேர்கோட்டில் இறங்காது என்பதை அவள் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள்.

மாற்றம் எந்த நாளில் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தெரிய வந்தது பருத்திப்பால் வண்டியடியில். அதுவரை அக்கா இரண்டு டம்ளர் வாங்குவாள், ஒன்றை அவன் கையில் வைப்பாள், அவன் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான், மிச்சத்தையும் அவளே குடிப்பாள். அன்றைக்கு வண்டிக்காரர் கருப்பட்டி, சுக்கு மணக்க ஊற்றி, மேலே துருவின தேங்காயைத் தூவி நீட்டினார். அவன் டம்ளரைப் பார்த்தான்.

"இன்னுங்கொஞ்சம் தேங்கா போடுங்கண்ணே."

வண்டிக்காரருக்கு அது தினம் நூறு பேர் சொல்கிற வார்த்தை. போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். பசி போய், ருசி போய்க் கிடந்தவன் ஒன்றைக் கேட்டு வாங்குகிறான் என்றால், நான் எந்த லேப் ரிப்போர்ட்டையும் விட அதை நம்புவேன்.

அதற்குப் பிறகு கைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஆட ஆரம்பித்தன. முதலில் வலது கை. செருப்புச் சத்தம் குறைந்தது. ஒரு முழுச் சுற்று, பிறகு இரண்டு. ஒரு நாள் ட்ராக் சூட் சாரை அவனே பார்த்துத் தலையை ஆட்டினான். அவர் ஆனந்தத்தில் அன்றைக்கு யாருக்கும் யோசனை சொல்லாமல் ஒரு சுற்று முடித்தார். இன்னொரு நாள் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டையே நடந்தது. கேன்வாஸ் ஷூ கடித்து அவளுக்குக் குதிகாலில் புண்.

"மெதுவா போடா, கால் வலிக்குது."

"இந்த ஷூவைப் போடாதன்னு எத்தன தடவ சொல்றது? ஆம்பளப் பய ஷூவை மாட்டிக்கிட்டு வர்ற."

"ஆமா, வாங்கிக் குடுத்துட்ட பாரு."

கோபம் வருகிறது என்பதே சேமம். போன மாதம் அவனுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. சண்டை போட்டுக்கொண்டே அவர்கள் போன அந்தச் சுற்றில் குளத்துப் பக்கம் நடந்தது அவன். படித்துறை வழியை இருவரும் பேசிக்கொண்டே கடந்தார்கள். அவள் கை அவன் முழங்கைக்குப் போகவில்லை.

முழுசாகக் குணமாகிவிட்டானா என்றால், அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. மாத்திரை இன்னும் தொடர்கிறது. "திங்கக்கெழம ஆஸ்பத்திரி, மறந்துறாத" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. தேறிய பிறகும் மாதக்கணக்கில் மருந்தைத் தொடரச் சொல்வது வழக்கம்தான். அவன் மட்டும் தேறவில்லை என்றும் எனக்குப் படுகிறது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களே மனசு ஒடிந்து உட்கார்ந்துவிடுவது உண்டு. தனக்கென்று அதுவரை இல்லாத அரைமணி நேரம் இவளுக்குத் தம்பி சாக்கில் தினமும் கிடைத்தது.

எவ்வளவு நடந்தால் போதும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஆனால் 2022-இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் 1,91,130 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் தொகுப்பு வந்தது. வாரத்துக்கு இரண்டரை மணி நேர வேகநடைக்குச் சமமாக இயங்கியவர்களுக்கு, ஒன்றுமே செய்யாதவர்களை விட மனச்சோர்வு வருவது 25 சதவீதம் குறைவு. அதில் பாதி மட்டும் செய்தவர்களுக்கே 18 சதவீதம் குறைவு. நார்வேயில் 33,908 பேரைப் பதினொரு வருஷம் பார்த்த ஆய்வில், வாரம் ஒரு மணி நேரமாவது எல்லோரும் உடற்பயிற்சி செய்திருந்தால், புதிதாக வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். வேர்த்துக் கொட்ட வேண்டும் என்ற அவசியம்கூட அதில் இல்லை. வராமல் காக்கிற கணக்கு இது. வந்த பிறகு நடையோடு டாக்டரும் வேண்டும். தமிழ்நாடு அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்துக் கொடுத்தது. பாதை போட்டாயிற்று. வீட்டு வாசலிலிருந்து அந்தப் பாதை வரைக்கும் கூட்டி வருவது அரசாங்கம் செய்யக்கூடிய காரியமில்லை.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நம் நாட்டில் இருபது பேருக்கு ஒருவர். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே போய்ச் சேர்வதில்லை. உங்கள் தெருவில் இருப்பார்கள், உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களைப் பார்த்து 'போய்க் கொஞ்சம் நடந்துட்டு வா, எல்லாம் சரியாயிரும்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர்களால் முடியாதது அந்தப் 'போய்'தான். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். லைட்டுக் கம்பம் வரைக்கும் என்று சொன்னால் லைட்டுக் கம்பத்தோடு திரும்புங்கள். பேச வேண்டியதில்லை. வராத நாளில் கோபிக்க வேண்டியதும் இல்லை. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவிடாதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தால் நடையெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி. எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.